பெயரை அழித்தார்கள்

எகிப்து ஒரு நாடு. ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதி பாலைவனம். மழை மிகக் குறைவு. ஆனால் நைல் என்ற பெரிய ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆற்றின் இரு கரையிலும் பச்சை வயல்கள். வயலைத் தாண்டினால் மணல்தான்.

பழைய காலத்தில் நைல் ஆற்றில் ஆண்டுதோறும் கோடையில் வெள்ளம் வரும். வயல்களை மூடும். வெள்ளம் வடிந்ததும் கரிய வண்டல் மண் தங்கும். அந்த மண்ணில் கோதுமையும் பார்லியும் நன்றாக விளைந்தன. விளைச்சலில் ஒரு பங்கு அரசனுக்கு வரியாகப் போனது. (1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிறகு அந்த வெள்ளம் வருவதில்லை.)

எகிப்து அரசனைப் பாரோ என்று சொல்வார்கள். 'பெரிய வீடு' என்பது அந்தச் சொல்லின் பொருள். முதலில் அரண்மனைக்குத்தான் அந்தப் பெயர். பிறகு அரண்மனையில் இருப்பவருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நம் பக்கத்திலும் 'அரண்மனை உத்தரவு' என்று சொல்வது உண்டு அல்லவா? உத்தரவு போட்டது கட்டடமா? இல்லை, அரசன்தான்.

சுமார் 3,000 ஆண்டுகள் அந்த நாட்டைப் பாரோக்கள் ஆண்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பெண்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரைப் பற்றியது இந்தப் பாடம். அவர் பெயர் ஹட்செப்சுத். படிக்கக் கடினமாக இருந்தால் பிரித்துப் படியுங்கள். ஹட். செப். சுத். 'உயர்ந்த பெண்களில் முதன்மையானவள்' என்பது அதன் பொருள்.

சின்னக் குழந்தை அரசனானது

ஹட்செப்சுத்தின் தந்தை முதலாம் துட்மோஸ். அவர் ஒரு பாரோ. நிறையப் போர்களில் வென்றவர். தாய் பட்டத்து ராணி.

எகிப்து அரச குடும்பத்தில் அண்ணன் தங்கைக்கே திருமணம் செய்வது உண்டு. கேட்கவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அங்கே அது வழக்கம். அரச பதவி குடும்பத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஹட்செப்சுத்தும் வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரரையே மணந்தார். அவர் இரண்டாம் துட்மோஸ். தந்தைக்குப் பிறகு அவர் பாரோ ஆனார். ஹட்செப்சுத் ராணி ஆனார். அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். மகன் இல்லை.

சில ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். இது நடந்தது கி.மு. 1479 வாக்கில். கி.மு. என்றால் கிறிஸ்து பிறப்பதற்கு முன். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கி.மு. ஆண்டுகளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கி.மு. 1479-க்கு அடுத்த ஆண்டு 1480 அல்ல, 1478. ஆக, இந்தக் கதை இன்றைக்கு ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

அடுத்த பாரோ யார்? இறந்தவருக்கு இன்னொரு மனைவி இருந்தார். அவருக்கு ஒரு மகன். பெயர் மூன்றாம் துட்மோஸ். சின்னக் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பட்டம் கட்டினார்கள். குழந்தை எப்படி நாட்டை ஆளும்? அதனால் பெரியம்மாவான ஹட்செப்சுத் பொறுப்பை ஏற்றார். குழந்தையின் பெயரால் ஆட்சி நடத்தினார்.

இதுவரை எகிப்துக்குப் புதிது ஒன்றும் இல்லை. மகன் வளரும் வரை தாயோ பெரியம்மாவோ ஆள்வது முன்பும் நடந்திருக்கிறது. மகன் பெரியவன் ஆனதும் அந்தப் பெண் அந்தப்புரத்துக்குத் திரும்பிவிடுவார். ஹட்செப்சுத் திரும்பவில்லை. ஏழு ஆண்டுகளுக்குள் அவரே முடி சூடிக்கொண்டார். குழந்தையை விரட்டவில்லை. அவனும் அரசன், இவரும் அரசர் என்று இருவர் பெயரும் இருந்தன. ஆனால் ஆட்சி இவர் கையில்.

அரசர் என்று ஏன் சொல்கிறோம்? அரசி என்று சொல்லக் கூடாதா? எகிப்து மொழியில் அப்படிச் சொல்ல வழியே இல்லை. அரசி என்பதற்கு அவர்கள் சொன்ன சொல் 'அரசனின் மனைவி'. நாட்டை ஆளும் பெண்ணுக்கு அந்த மொழியில் தனிச் சொல் கிடையாது. ஆள வேண்டும் என்றால் அரசனாகத்தான் ஆள வேண்டும்.

தாடி வைத்த பெண்

ஹட்செப்சுத்தின் முதல் சிலைகளில் அவர் பெண் உடையில் இருக்கிறார். பிறகு செய்த சிலைகளில் ஆண் அரசர்கள் கட்டும் குட்டை ஆடை. தலையில் அரசரின் துணி. முகவாயில் தாடி! பாரோக்களின் பல சிலைகளில் அந்தத் தாடி உண்டு. அது வளர்ந்த தாடி அல்ல, கட்டிக்கொள்ளும் தாடி. முடியையும் செங்கோலையும் போல அதுவும் பதவியின் அடையாளம்.

மக்களை ஏமாற்றத்தான் அவர் ஆண் வேடம் போட்டார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. அவர் பெண் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரது கல்வெட்டுகளிலேயே 'சூரியனின் மகள்' என்று இருக்கிறது. படத்தில் ஆண் உடை. எழுத்தில் பெண். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பின்னால் இது தேவைப்படும்.

அவருக்கு ஒரு கவலை இருந்திருக்க வேண்டும். தன் பதவிக்கு நியாயம் சொல்ல வேண்டுமே! தெய்ர் எல் பஹாரி என்ற இடத்தில் மலையடிவாரத்தில் ஒரு பெரிய கோயில் கட்டினார். மூன்று அடுக்குத் தளங்கள், நீண்ட சாய்வுப் பாதை, வரிசையாகத் தூண்கள். அதன் சுவர்களில் தன் பிறப்பைப் படமாக வெட்டச் செய்தார். ஆமுன் என்ற கடவுளே தனக்குத் தந்தை என்று அதில் சொன்னார். தந்தை தன்னையே வாரிசாகத் தேர்ந்தெடுத்தார் என்றும் எழுதச் செய்தார். இது அரசியல்தான். ஆண் பாரோக்களும் தங்களைக் கடவுளின் பிள்ளை என்றே சொல்லிக்கொண்டார்கள். இவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான்.

வேரோடு வந்த மரங்கள்

ஹட்செப்சுத் சுமார் 20 ஆண்டுகள் அரசராக இருந்தார். அந்தக் காலம் பெரும்பாலும் அமைதியான காலம். வணிகம் நன்றாக நடந்தது.

அவர் மிகவும் பெருமைப்பட்டது ஒரு கடற்பயணத்தைப் பற்றி. பூன்ட் என்ற நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பினார். அது செங்கடலின் தெற்குப் பக்கம், ஆப்பிரிக்கக் கரையில் இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எகிப்துக் கோயில்களில் நாள்தோறும் சாம்பிராணி போன்ற நறுமணப் பிசின்களை எரிப்பார்கள். அவை எகிப்தில் கிடைக்காது. பூன்ட் நாட்டில் கிடைக்கும்.

அந்தப் பயணம் முழுவதும் கோயில் சுவரில் படமாக இருக்கிறது. ஐந்து கப்பல்கள் தெரிகின்றன. பூன்ட் மக்களின் வீடுகள் கால்களின் மேல் நிற்கின்றன. ஏணி வைத்து ஏற வேண்டும். ஊர்த் தலைவரும் அவர் மனைவியும் விருந்தாளிகளை வரவேற்கிறார்கள். கப்பலில் மூட்டைகள் ஏறுகின்றன. யானைத் தந்தம், கருங்காலி மரம், தங்கம், சிறுத்தைத் தோல், உயிருள்ள குரங்குகள். கடலில் இருந்த மீன்களைக்கூடச் சிற்பி விடவில்லை. இன்ன மீன் என்று இன்று பார்த்துச் சொல்லும் அளவுக்குச் செதுக்கியிருக்கிறார்.

பிசினை மட்டும் அவர்கள் வாங்கி வரவில்லை. பிசின் தரும் மரங்களையே வேரோடும் மண்ணோடும் கூடையில் வைத்து, கம்பில் கட்டித் தோளில் சுமந்து, கப்பலில் ஏற்றினார்கள். 31 மரங்கள் என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. நல்ல யோசனை! ஒவ்வொரு முறையும் விலை கொடுத்து வாங்குவதைவிட வீட்டிலேயே மரம் வளர்க்கலாமே.

ஒரே கல்லில் இரண்டு தூண்கள்

கர்னாக் என்ற ஊரில் ஆமுன் கடவுளின் பெரிய கோயில் இருக்கிறது. அங்கே ஹட்செப்சுத் இரண்டு கல் தூண்களை நிறுத்தினார். நான்கு பக்கமும் தட்டையாக, மேலே போகப்போகச் சிறுத்து, உச்சியில் கூராக இருக்கும் தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கருங்கல். ஒட்டுப் போட்டது அல்ல. உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். எடை 300 டன்னுக்கு மேல். 10 டன் ஏற்றும் லாரி என்றால் 30 லாரிப் பாரம்!

அப்போது எகிப்தில் இரும்புக் கருவிகள் கிடையாது. கல்லை எப்படி வெட்டினார்கள்? கருங்கல்லைவிடக் கடினமான ஒரு வகைக் கல்லை உருண்டையாக எடுத்துக்கொண்டார்கள். அதை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி இடித்தார்கள். இடிக்க இடிக்கக் கருங்கல் தூளாக உதிரும். நாள் முழுவதும் வரிசையாக உட்கார்ந்து அப்படி இடித்திருக்கிறார்கள். பாறையிலிருந்து அந்தக் கற்களை வெட்டி எடுக்க ஏழு மாதம் ஆனதாகக் கல்வெட்டு சொல்கிறது. பிறகு அஸ்வானிலிருந்து படகில் ஏற்றி, ஆற்றோடு 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்தார்கள். இடித்தவர்கள் பெயர் எதுவும் அந்தத் தூணில் இல்லை.

உளியோடு வந்தவர்கள்

கி.மு. 1458 வாக்கில் ஹட்செப்சுத் இறந்தார். மூன்றாம் துட்மோஸ் இப்போது வளர்ந்த மனிதர். தனி அரசர் ஆனார். பெரிய படைகளை நடத்தினார். எகிப்தின் மிகப் பெரிய போர் வீரர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தார்.

20 ஆண்டுகளுக்குப் பின், அவரது ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஆட்கள் உளியோடு கோயில்களுக்குள் போனார்கள். சுவர்களில் ஹட்செப்சுத்தின் பெயரைத் தேடித் தேடிக் கொத்தினார்கள். அவர் உருவத்தையும் கொத்தினார்கள். சில இடங்களில் அவர் பெயரை எடுத்துவிட்டு அவருடைய தந்தை பெயரையோ கணவர் பெயரையோ வெட்டினார்கள். சிலைகளை உடைத்துக் குழியில் போட்டார்கள். கர்னாக் தூண்களைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள்.

எகிப்தியருக்குப் பெயர் என்பது வெறும் அடையாளம் அல்ல. உடலும் உயிரும் போல மனிதனின் ஒரு பகுதி. பெயர் எங்காவது எழுதியிருந்தால், யாராவது அதைச் சொன்னால், செத்த பிறகும் அந்த மனிதர் வாழ்வார் என்று நம்பினார்கள். பெயரை அழிப்பது இரண்டாம் முறை கொல்வது போல.

இதை ஏன் செய்தார்கள்? தன் பதவியைப் பறித்த பெரியம்மாமேல் துட்மோஸுக்குத் தீராத கோபம் என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் கோபக்காரர் 20 ஆண்டுகள் காத்திருப்பாரா? இன்னொன்றும் இருக்கிறது. ஹட்செப்சுத் ராணியாக, அதாவது அரசனின் மனைவியாக இருக்கும் படங்களை அவர்கள் பெரும்பாலும் தொடவில்லை. அரசராக இருக்கும் படங்களைத்தான் கொத்தினார்கள். ஆக, ஆள்மேல் உள்ள கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது. ஒரு பெண் அரசராக இருந்தார் என்ற செய்திதான் மறைய வேண்டியிருந்தது. துட்மோஸ் தன் மகனுக்குப் பட்டம் கட்டத் தயாரான நேரம் அது. அந்த மகனுக்கு யாரும் போட்டி வரக் கூடாது என்று நினைத்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

சிலைகளைப் பற்றியும் 2025-ல் ஓர் ஆய்வு வெளியானது. பல சிலைகள் கழுத்திலும் இடுப்பிலும் முழங்காலிலும்தான் உடைந்திருக்கின்றன. முகத்தைச் சிதைக்கவில்லை. பழைய அரசர்களின் சிலைகளுக்குச் சக்தி போக வேண்டும் என்று அப்படி உடைப்பது எகிப்தில் வழக்கம்தான் என்கிறது அந்த ஆய்வு. ஆனால் சுவரில் பெயரைக் கொத்தியது எல்லா அரசருக்கும் நடக்கிற காரியம் அல்ல.

பல ஆண்டுகள் கழித்து அபிடோஸ் என்ற ஊர்க் கோயிலில் பழைய அரசர்களின் பட்டியலைச் சுவரில் வெட்டினார்கள். அதில் 76 பெயர்கள். ஹட்செப்சுத் பெயர் அதில் இல்லை.

படிக்க ஆள் இல்லை

பிறகு இன்னும் பெரிய அழிவு வந்தது. எழுத்தே அழிந்தது.

எகிப்தியர் எழுத்து படம் படமாக இருக்கும். பறவை, பாம்பு, கை, வாய், ரொட்டி, சிங்கம். அதைக் கற்றவர்கள் எப்போதுமே மிகச் சிலர்தான். அவர்களுக்கு எழுத்தர் என்று பெயர். வயலில் வேலை செய்தவர்களுக்கும் கல் உடைத்தவர்களுக்கும் அந்த எழுத்து தெரியாது. சிலருக்கு மட்டுமே தெரிந்த எழுத்து, அந்தச் சிலர் போனதும் போய்விட்டது. பழைய கோயில்களை மூடினார்கள். தேதியோடு கிடைக்கும் கடைசிப் பட எழுத்துக் கல்வெட்டு கி.பி. 394-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிறகு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அதைப் படிக்க உலகத்தில் ஒருவர்கூட இல்லை. சுவர் முழுக்க எழுத்து. பார்த்தவர்களுக்கு எல்லாம் வெறும் படம்.

1799-ல் பிரெஞ்சுப் படைவீரர்கள் ரோசெட்டா என்ற ஊரில் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டார்கள். அதில் ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் இருந்தது. பட எழுத்து ஒன்று. எகிப்தியரின் வேக எழுத்து ஒன்று. மூன்றாவது கிரேக்க எழுத்து. கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் உலகில் இருந்தார்கள். கதவு கொஞ்சம் திறந்தது.

பட எழுத்தில் சில பெயர்களைச் சுற்றி நீள வளையம் போட்டிருக்கும். வளையத்துக்குள் இருப்பது அரசரின் பெயர். ஷம்போலியன் என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு வளையங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் 'ப்தோலெமி' என்ற அரசர் பெயர். இன்னொன்றில் 'கிளியோபத்ரா' என்ற அரசி பெயர். இரண்டு பெயரிலும் 'ப்' உண்டு, 'ஒ' உண்டு, 'ல்' உண்டு. படத்திலும் அந்தந்த இடத்தில் ஒரே குறிகள் இருந்தன! சதுரம் 'ப்'. கயிற்றுச் சுருக்கு 'ஒ'. படுத்திருக்கும் சிங்கம் 'ல்'.

'படம்' தெரிந்தவர் 'பட்டம்' படிப்பது போலத்தான். தெரிந்த எழுத்தை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடிப்பது. இங்கிலாந்தில் தாமஸ் யங் என்பவரும் சில எழுத்துகளை முன்பே கண்டுபிடித்திருந்தார். 1822-ல் ஷம்போலியன் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

விட்டுப்போன ஒரு குறி

1829-ல் ஷம்போலியன் தெய்ர் எல் பஹாரி கோயிலுக்கு வந்தார். சுவரில் ஓர் அரசர் படம். தாடி இருக்கிறது. ஆண் உடை இருக்கிறது. வளையத்துக்குள் ஆண் அரசர் பெயர். பக்கத்தில் உள்ள வரியைப் படித்தார். குழம்பிப்போனார். அரசரைப் பற்றிய சொற்கள் எல்லாம் பெண்பாலில் இருந்தன!

தமிழில் 'அரசர் வந்தார்' என்று மரியாதையாகச் சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியாது. எகிப்து மொழியில் அப்படித் தப்பிக்க வழியில்லை. அவன் என்றோ அவள் என்றோ சொல்லியே தீர வேண்டும். நம் மொழியிலும் 'வந்தான்', 'வந்தாள்' என்று எழுதிப் பாருங்கள். கடைசி எழுத்து மட்டும்தான் மாறுகிறது. எகிப்து மொழியில் பெண்பாலுக்கு 'த்' என்ற ஒலி சேரும். அதற்குக் குறி, கவிழ்த்த சிறு ரொட்டி. மிகச் சின்னக் குறி. உளியோடு வந்தவர்கள் பெரிய வளையங்களைத் தேடிப் பெயரை மாற்றினார்கள். வரிக்கு வரி கிடந்த சின்ன ரொட்டிகளைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள்.

ஷம்போலியன் கண்டது ஒரு புதிர்தான். விடை முழுவதும் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1920-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோயிலின் பக்கத்தில் தோண்டினார்கள். குழிகளில் உடைந்த சிலைத் துண்டுகள் குவிந்து கிடந்தன. துண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டினார்கள். ஹட்செப்சுத்தின் முகம் கிடைத்தது. அந்தச் சிலைகளில் பல இன்று கெய்ரோ நகரிலும் நியூயார்க் நகரிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கர்னாக்கில் இரண்டு தூண்களில் ஒன்று விழுந்துவிட்டது. இன்னொன்று இன்றும் நிற்கிறது. அதைச் சுற்றிக் கட்டிய சுவர் பெரும்பாலும் போய்விட்டது. சுவர் மூடியிருந்த இடத்தில் எழுத்து வெயில் படாமல், உளி படாமல் தெளிவாக இருக்கிறது. தூணின் அடியில் ஹட்செப்சுத் ஒரு செய்தி எழுதச் செய்திருக்கிறார். வருங்காலத்தில் இந்தத் தூணைப் பார்க்கிறவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுவார்களோ என்று தன் மனம் அங்கும் இங்கும் அலைவதாக அதில் இருக்கிறது.

பயிற்சி

1. ஹட்செப்சுத் குழந்தைக்காக ஆண்டபோது யாரும் அதைப் புதிதாக நினைக்கவில்லை. அவரே முடி சூடியது மட்டும் ஏன் புதிதாக இருந்தது? குழுவில் பேசுங்கள்.

2. 'படித்தான்', 'எழுதினான்', 'ஆண்டான்'. இந்தச் சொற்களைப் பெண்பாலில் எழுதுங்கள். எந்த எழுத்து மாறியது?

3. கி.மு. 1479-க்கும் கி.மு. 1458-க்கும் இடையில் எத்தனை ஆண்டுகள்?

4. உங்கள் ஊர்க் கோயிலிலோ சத்திரத்திலோ பள்ளியிலோ சுவரில் வெட்டிய பெயர்கள் உண்டா? போய்ப் படியுங்கள். அதில் பெண் பெயர்கள் எத்தனை?